வெறும் சத்தத்துக்காகவா இன்னு மக்கள் ஓடுபாதையில் இறங்கினார்கள்?

கேள்வி: 1980களின் இறுதியில் கனடாவின் லாப்ரடோர் பகுதியில் இன்னு பழங்குடி மக்கள் நேட்டோ நாடுகளின் போர் விமானங்களை எதிர்த்து, விமானத்தளத்தின் ஓடுபாதையிலேயே போய் உட்கார்ந்து சிறைக்கும் போனார்கள் என்று வாசித்தேன். வெறும் சத்தத்துக்காகவா இவ்வளவும்? விமானம் வந்த வேகத்தில் போய்விடுமே, அந்த இரண்டு மூன்று நொடிச் சத்தம் அப்படி என்ன செய்துவிடும்?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கினால்தான் அந்த மக்கள் ஏன் ஓடுபாதைக்குப் போனார்கள் என்பதும் விளங்கும்.

போர் விமானம் ஏன் தாழப் பறக்க வேண்டும்? ராடரிலிருந்து தப்பத்தான். ராடர் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. 20 மீற்றர் உயரக் கம்பத்தில் ஒரு ராடர் நிற்கிறது என்று வையுங்கள். 3,000 மீற்றர் உயரத்தில் வரும் விமானத்தை அது சுமார் 240 கிலோமீற்றர் தூரத்திலேயே கண்டுவிடும். அதே விமானம் 75 மீற்றர் உயரத்தில் வந்தால், சுமார் 54 கிலோமீற்றருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். மணிக்கு 830 கிலோமீற்றர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க நாலு நிமிடம்கூட ஆகாது. மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே ஒளிந்து வந்தால் அதுவும் கிடையாது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் அணியின் விமான எதிர்ப்பு வலையை ஊடுருவ நேட்டோ நம்பியிருந்த வழி இதுதான். டொர்னாடோ போன்ற விமானங்கள் இதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் தரையை ஒட்டி அந்த வேகத்தில் பறப்பது ஒரு முறை கற்றுக்கொண்டு விட்டுவிடக்கூடிய வித்தையல்ல. விமானிகள் விடாமல் பழக வேண்டும், பழகுவதற்கு நிலம் வேண்டும். யாருடைய நிலம் என்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

இனிச் சத்தத்துக்கு வருவோம். பயணிகள் விமானத்தின் இயந்திரம் பெருமளவு காற்றை மெதுவாகத் தள்ளுகிறது, போர் விமானத்தின் இயந்திரமோ குறைந்த அளவு வாயுவை மிக வேகமாகப் பீய்ச்சுகிறது. பீய்ச்சப்படும் வாயுவின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிளம்பும் ஒலி ஆற்றல் ஏறக்குறைய 250 மடங்காகும். பிரித்தானியக் கணித அறிஞர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952-இலேயே இதற்கான கோட்பாட்டை வகுத்துவிட்டார். ஆகவே சிறிய போர் விமானம் பெரிய பயணிகள் விமானத்தைவிட அதிகமாக இரைவதில் வியப்பில்லை.

அடுத்தது உயரம். ஒலி வரும் தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் தலைக்கு மேல் கேட்கும் உச்சச் சத்தம் சுமார் 6 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். 300 மீற்றரில் பறந்த விமானம் 75 மீற்றருக்கு இறங்கினால் 12 டெசிபெல், 30 மீற்றருக்கு இறங்கினால் 20 டெசிபெல். 10 டெசிபெல் கூடினாலே மனிதக் காதுக்குச் சத்தம் இரட்டித்தது போலத்தான் இருக்கும். 75 மீற்றரில் கடந்த விமானங்களுக்கு அடியில் 110 டெசிபெலுக்கு மேல் பதிவாகியிருக்கிறது.

இருந்தாலும் இந்த உச்ச அளவைவிட முக்கியமானது, சத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. விமான நிலையத்துக்கு அருகே வசிப்பவருக்குப் பயணிகள் விமானம் இறங்கி வருவது முன்கூட்டியே தெரியும். சத்தம் அரை நிமிடமாக மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கும். உடம்பும் மனமும் அதற்குள் தயாராகிவிடும். தாழப் பறக்கும் போர் விமானம் ஒலியின் வேகத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் வருகிறது, அதாவது தன் சத்தத்தைத் தானே துரத்திக்கொண்டு வருகிறது. உங்களிடமிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் அது கிளப்பும் ஒலி உங்களை வந்தடைய மூன்று நொடி ஆகும். விமானமே வந்து சேர நாலு நொடியும் கொஞ்சமும். உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒன்றரை நொடி. அதிலும் இயந்திரத்தின் பெருஞ்சத்தம் பின்பக்கமாகத்தான் பரவும், முன்னால் வருவது ஒரு மெல்லிய சீறல்தான். ஒரு மேடோ காட்டுவிளிம்போ இடையில் இருந்தால் அதுவும் கேட்காது. அமைதி, உடனே தலைக்கு மேல் வெடித்தது போன்ற ஓர் அறை, அவ்வளவுதான்.

திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை மூளையின் அடித்தண்டிலிருந்து வருகிறது. சிந்திக்கும் பகுதிக்குச் செய்தி போய்ச் சேரும் முன்பே கண் இமை மூடுகிறது, கழுத்தும் தோளும் சுருங்குகின்றன, இதயம் படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. "அது விமானம்தானே" என்று அறிவு சொல்வதெல்லாம் பிறகு. ஒழுங்காக வரும் சத்தத்துக்கு மனிதர் ஓரளவு பழகிப்போகிறார்கள். எப்போது வரும் என்று தெரியாத சத்தத்துக்குப் பழகுவது மிகக் கடினம், ஏனென்றால் அது வராத நேரத்திலும் உடம்பு அதை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. சத்த அளவீட்டு அறிக்கைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இந்தக் காத்திருப்பின் பதற்றத்தை அளக்கும் கருவி எதையும் அவற்றில் கண்டதில்லை.

அளக்க முடிந்ததையும் எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். அரசுகள் பெரும்பாலும் பயன்படுத்துவது சராசரி. ஒரு விமானம் இரண்டு நொடி நேரம் 110 டெசிபெல் சத்தம் எழுப்புகிறது, தினமும் ஒரு தடவை, மற்ற நேரமெல்லாம் முழு அமைதி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆற்றலை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி 64 டெசிபெலுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் விமானச் சத்தம் குடியிருப்புக்கு ஒவ்வாதது என்று கருதப்படும் எல்லை 65. அதாவது தினமும் ஒரு தடவை குழந்தை அலறி எழுந்தாலும் காகிதத்தில் எல்லாம் சரி. வாரத்துக்கு ஒரு தடவை என்றால் சராசரி 55, ஒரு சாதாரண நகரத் தெரு வீட்டின் அளவுதான். அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகளே இந்தக் குறையை ஒப்புக்கொண்டன. அதனால் தாழப் பறக்கும் பயிற்சிப் பாதைகளுக்கான கணக்கில், சத்தம் நொடிக்கு 15 டெசிபெலுக்கு மேல் ஏறினால் கூடுதல் டெசிபெல் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஏறும் வேகம் கூடக்கூட இதுவும் கூடும், உச்சம் 11 டெசிபெல். மேலே சொன்ன 64-உடன் அந்த 11-ஐச் சேர்த்தால் 75. எல்லையை எப்போதோ தாண்டியாயிற்று. எந்த முறையில் கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு கிராமம் பாதிக்கப்பட்டதா இல்லையா என்பது தீர்மானமாகிறது.

சரி, இப்போது லாப்ரடோர்.

இன்னு மக்களின் தாயகத்துக்கு அவர்கள் மொழியில் நிடாசினான் என்று பெயர். கியூபெக்கின் கிழக்கும் லாப்ரடோரும் சேர்ந்த பெரிய தீபகற்பம் அது. அந்த நிலத்தை ஒப்பந்தம் எதிலும் அவர்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. 1950களிலும் 60களிலும் அரசும் திருச்சபையும் அவர்களை நிரந்தரக் கிராமங்களில் குடியமர்த்தின. லாப்ரடோரில் அப்படி உருவானவை இரண்டு ஊர்கள், கூஸ் பே விமானத்தளத்திலிருந்து சுமார் 40 கிலோமீற்றரில் இருக்கும் ஷெஷாட்ஷியுவும், வடக்கே கடலோரத்து டேவிஸ் இன்லெட்டும். 1970களின் தொடக்கத்தில் சர்ச்சில் அருவி மின்திட்டத்துக்காக 6,500 சதுர கிலோமீற்றர் நிலம் நீரில் மூழ்கியது. வேட்டை நிலம், படகுப் பாதை, முன்னோரின் புதைகுழி எல்லாம் போயின. அதைப் பற்றி இன்னு மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிராமத்தில் குடியமர்த்தப்பட்ட பிறகும், வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் குடும்பம் குடும்பமாக உள்நாட்டுக்குப் போய்ப் பல வாரங்கள் தங்குவதை அவர்கள் விடவில்லை. கூடாரத்தின் தரையில் ஸ்புரூஸ் மரத்தின் இளங்கிளைகளை அடுக்குவார்கள், நடுவே தகர அடுப்பு எரியும். கரிபூ மான், மீன், நீர்நாய், பறவை என்று அன்றாட உணவு அங்கேயே. கிராமத்தில் குடியும் தற்கொலையும் வாட்டிய காலத்தில், பிள்ளைகள் உருப்படியாக இருந்த இடம் அந்தக் கூடாரம்தான் என்று தாய்மார் சொன்னார்கள். அங்கே பெற்றோருக்குச் செய்ய வேலை இருந்தது, பாட்டன் பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்க விடயம் இருந்தது. எந்த இடத்தில் அந்த மக்கள் தங்களை மீட்டுக்கொண்டிருந்தார்களோ, சரியாக அந்த இடத்தின் மேல்தான் விமானங்கள் வந்தன.

கூஸ் பே தளம் 1941-இல், இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டப்பட்டது. போருக்குப் பிறகு அமெரிக்க விமானப்படை அதைப் பெரிதாகப் பயன்படுத்தியது. 1970களில் அது பின்வாங்கியதும் ஊரில் வேலை குறைந்தது. தளத்தைக் காப்பாற்ற வழி தேடிய கனேடிய அரசு தாழப்பறத்தல் பயிற்சியை வரவேற்றது. 1980களில் பிரித்தானிய, மேற்கு ஜேர்மன், நெதர்லாந்து விமானப்படைகள் வந்து சேர்ந்தன. சுமார் ஒரு இலட்சம் சதுர கிலோமீற்றர், இலங்கையைவிட ஒன்றரை மடங்கு பெரிய பரப்பு, பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட உயரம் 30 மீற்றர். தசாப்தத்தின் முடிவில் ஆண்டுக்கு 6,000 முதல் 7,000 பறப்புகள். பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை, அதாவது குடும்பங்கள் கூடாரத்தில் இருக்கும் மாதங்களை உள்ளடக்கிய காலம். விமானிகள் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் ஏரியையும் வழிகாட்டியாக வைத்துப் பறந்தார்கள். கூடாரம் அடிப்பதும் படகு போவதும் மான் கடப்பதும் அதே ஆற்றங்கரை, அதே ஏரி. பரப்பளவைப் பறப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து "ஒருவர் தலைக்கு மேல் விமானம் போகும் வாய்ப்பு மிகக் குறைவு" என்று காட்டிய கணக்கு பொய்யாகிப்போவது இங்கேதான்.

படகில் இருக்கும் குழந்தை அந்தத் திடீர் அறையில் துள்ளி எழுந்தால் படகு கவிழும். கூடாரத்துக்குள் கொதிக்கும் கேத்தலோடு நிற்கும் பெண்ணின் கை உதறினால் அருகில் படுத்திருக்கும் பிள்ளை வேகும். காட்டுக்குள் ஓடி ஒளியும் குழந்தைகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, அவர்கள் மறுபடி கூடாரத்துக்கு வர மறுத்தார்கள் என்று இன்னு பெற்றோர் விசாரணைகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வயதானவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதைச் சொன்னார்கள். சில குடும்பங்கள் பயணத்தையே நிறுத்தின. "இரண்டு நொடிச் சத்தம்" செய்தது இதைத்தான்.

ஏன் லாப்ரடோருக்கு வந்தார்கள் என்பதற்கு ஜேர்மனியைப் பார்க்க வேண்டும். மேற்கு ஜேர்மனியில் பொதுவாக 150 மீற்றர் வரையும், ஏழு பகுதிகளில் 75 மீற்றர் வரையும் போர் விமானங்கள் தாழப் பறந்தன. மக்கள் நெருங்கி வாழும் நாடு அது. சத்தத்துக்கு எதிரான எதிர்ப்பு ஆண்டுக்காண்டு கூடியது. 1988 டிசம்பர் 8 அன்று அமெரிக்க ஏ-10 விமானம் ஒன்று ரெம்ஷைட் நகரின் குடியிருப்புத் தெருவில் விழுந்து, விமானியும் வீடுகளில் இருந்தவர்களும் இறந்தார்கள். அதன் பிறகு அரசால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1990 செப்டெம்பரில் குறைந்தபட்ச உயரம் 300 மீற்றராக உயர்த்தப்பட்டது. ஜேர்மன் குடும்பங்களுக்குக் கிடைத்தது பொதுவாக 6 டெசிபெல், அந்த ஏழு பகுதிகளில் 12 டெசிபெல் குறைவும், அதைவிட முக்கியமாக முன்னெச்சரிக்கையாகச் சில நொடிகளும். மிக நல்ல முடிவு. ஆனால் அதே ஜேர்மன் விமானிகள் 30 மீற்றர் பயிற்சிக்காகத் தொடர்ந்து கூஸ் பே வந்தார்கள். ஜேர்மனியின் ஹன்ஸ்ருக் மலைநாட்டுக் குழந்தைக்குத் தாங்க முடியாத சத்தம் லாப்ரடோர்க் குழந்தைக்குத் தாங்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. அங்கே வாக்குகள் இருந்தன, இங்கே "ஆளில்லா நிலம்" என்ற விளம்பரம் இருந்தது. இந்த விடயத்தில் எனக்கு மாறாத கோபம் உண்டு.

இதற்கு மேல், நேட்டோவின் நிரந்தரப் போர்ப் பயிற்சி மையம் ஒன்றைக் கூஸ் பேயில் அமைக்கவும் கனடா முயன்றது. துருக்கியின் கொன்யா நகரம் போட்டியில் இருந்தது. இந்த மையம் வந்தால் பறப்புகள் பல மடங்காகும், கூடுதல் குண்டுவீச்சுக் களங்களும் வரும். 1988 செப்டெம்பரில் ஷெஷாட்ஷியு மக்கள் குண்டுவீச்சுக் களத்திலேயே கூடாரம் அடித்தார்கள். பிறகு ஓடுபாதைக்குள் நுழைந்தார்கள். பாட்டிமாரும் கைக்குழந்தையோடு தாய்மாரும் முன்னால் நடந்தார்கள். கைது செய்தார்கள், விட்டார்கள், மறுபடி போனார்கள். எலிசபெத் பெனாஷூ என்ற தாய், பின்னாளில் உலகறிந்த இன்னு முதியவர், பல தடவை சிறை சென்றவர்களில் ஒருவர்.

1989 ஏப்ரலில் நடந்ததை அறிந்தால் உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்கும். அத்துமீறி நுழைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நால்வரின் வழக்கு நீதிபதி ஜேம்ஸ் இக்லோலியோர்ட் முன் வந்தது. அவரும் லாப்ரடோர்க்காரர், இனுயிட் (இன்னு மக்களிலிருந்து வேறான இன்னொரு பழங்குடி) இனத்தவர். அந்த நிலம் தங்களுடையது என்று இன்னு மக்கள் உண்மையாகவே நம்பினார்கள், அந்த நம்பிக்கைக்குத் தகுந்த அடிப்படையும் உண்டு, ஆகவே இது குற்றமாகாது என்று அவர் நால்வரையும் விடுவித்தார். ஆகவே வெறும் சத்தத்துக்காகவா என்றால், இல்லை. தலைக்கு மேல் 30 மீற்றரில் ஒருவன் பறக்கலாம் என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதற்காக. ஆனால் சத்தம் இல்லாதிருந்தால் அந்தக் கேள்வி அவ்வளவு கூர்மையாக எழுந்திருக்காது. காகிதத்தில் பறிபோன நிலம் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் பிள்ளை அலறும்போது தெரியும்.

1990 மே மாதம் நேட்டோ அந்த மையத் திட்டத்தையே கைவிட்டது. இன்னு போராட்டத்தின் வெற்றி என்று இதை எழுதுபவர்கள் உண்டு. போராட்டம் திட்டத்தைத் தாமதப்படுத்தியது, உலகக் கண்ணுக்குக் கொண்டுவந்தது, அது பெரிய விடயம். ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே பேர்லின் சுவர் விழுந்துவிட்டது, மையத்துக்கான தேவையே கரைந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏற்கனவே நடந்துகொண்டிருந்த பறப்புகள் நிற்கவும் இல்லை. 1995-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக் குழு பயிற்சியைத் தொடரலாம், கண்காணிப்புக்கு ஒரு தனி நிறுவனம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கரிபூ மான்களுக்குச் செய்மதிக் கழுத்துப்பட்டி போட்டு, அவை இருக்கும் இடங்களை விமானிகள் தவிர்க்கும் முறை வந்தது.

கரிபூ பற்றிய ஆய்வையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரு தரப்பும் அதைத் தப்பாகப் பயன்படுத்தியிருக்கின்றன. ஹாரிங்டன், வீச் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட முடிவுகளின்படி, விமானம் கடக்கும்போது மான்கள் திடுக்கிட்டுச் சில நொடி ஓடி நின்றுவிடுகின்றன. இதை மட்டும் பிடித்துக்கொண்டு "பாருங்கள், பாதிப்பில்லை" என்றவர்கள் இருந்தார்கள். ஆனால் அதே ஆய்வாளர்கள், குட்டி ஈனும் காலத்திலும் அதை அடுத்த நாட்களிலும் தாய்மான் எவ்வளவு அதிகமாகத் தாழ்ந்த பறப்புகளுக்கு ஆளானதோ அவ்வளவுக்குக் குட்டிகள் பிழைப்பது குறைந்ததையும் கண்டார்கள். வெளிப்பார்வைக்குப் பழகிவிட்டது போல் நிற்கும் உயிருக்குள் வேறொன்று நடக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தரவு குறைவு. மறுபக்கம், ஜோர்ஜ் ஆற்று மான்கூட்டம் பல இலட்சத்திலிருந்து 10,000-க்கும் கீழே சரிந்ததற்கு விமானங்களையே முழுக் காரணமாகச் சொல்வதும் சரியல்ல. பெரிய வீழ்ச்சி பறப்புகள் குறைந்து நின்ற பிறகும் தொடர்ந்தது.

பறப்புகள் எப்போது நின்றன என்கிறீர்களா? 2000களின் நடுப்பகுதியில் ஐரோப்பியப் படைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. அதற்குக் காரணம் 1991 வளைகுடாப் போர். தாழப் பறந்து ஈராக்கின் விமானத்தளங்களைத் தாக்கிய பிரித்தானிய டொர்னாடோக்கள் சில நாட்களிலேயே பல விமானங்களை இழந்தன. பிறகு நடுத்தர உயரத்துக்கு ஏறினார்கள். துல்லியக் குண்டுகள் பெருகப் பெருக, தாழப் பறக்கும் தேவை குறைந்தது. லாப்ரடோர் வானம் அமைதியானது இதனால்தான், யாரோ அந்தத் தாய்மாரின் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டதால் அல்ல. உக்ரைன் போரில் ஏவுகணைக்குப் பயந்து விமானங்களும் ஹெலிகளும் மறுபடி மரஉச்சி உயரத்துக்கு இறங்கியிருப்பதைப் பார்க்கும்போது, பயிற்சி நிலம் தேடும் படலம் திரும்பும் என்றே நினைக்கிறேன்.

நீதிமன்றம் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு கோழிப் பண்ணைக்கு 83 அடி உயரத்தில் இராணுவ விமானங்கள் இறங்கி வந்தன. மிரண்டு சுவரில் மோதியே சுமார் 150 கோழிகள் செத்தன, குடும்பம் தூக்கம் கெட்டுத் தொழிலையே விட்டது. 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இவ்வளவு தாழ, இவ்வளவு அடிக்கடி பறப்பது நிலத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம், இழப்பீடு தர வேண்டும் என்றது. இங்கிலாந்தில் விட்டரிங் விமானப்படைத் தளத்தின் பக்கத்து வீட்டுக்காரர் ஹாரியர் விமானங்களின் சத்தத்துக்காக வழக்குப் போட்டு 2003-இல் 950,000 பவுண் பெற்றார். ஜப்பானின் ஒகினாவாவில் கடேனா அமெரிக்கத் தளத்தைச் சுற்றி வாழ்பவர்கள் 1982 முதல் தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிறார்கள். 2017-இல் சுமார் 22,000 பேருக்கு 3,020 கோடி யென் தரச் சொன்னது நாகா நீதிமன்றம். இந்த மூன்று வழக்கிலும் பணம் கிடைத்தது. ஒன்றிலும் நீதிமன்றம் விமானத்தை நிறுத்தவில்லை. கடேனாவில் இரவுப் பறப்புக்குத் தடை கேட்டார்கள். அமெரிக்கப் படையின் செயலை ஜப்பான் அரசால் கட்டுப்படுத்த முடியாது என்று சொல்லி நீதிமன்றம் மறுத்தது. அட்சுகி தளத்தில் ஜப்பானியப் படையின் இரவுப் பறப்பை நிறுத்த 2014-இல் ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டது, 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. ஆகவே வழக்கு தேவைதான், ஆனால் அமைதியைத் தர அது மட்டும் போதாது.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனித் தொடர்பு உண்டு. ரொறன்ரோவில் செப்டெம்பர் தொடக்கத்து நீண்ட வார இறுதியில் ஒன்ராரியோ ஏரிக்கு மேல் விமானக் காட்சி நடக்கும். போர் விமானங்கள் ஒத்திகைக்காகவும் முன்பே வந்து நகரின் மேல் பறக்கும். 1996 முதல் இலங்கை விமானப்படையின் கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்குள் இறங்கிப் பழகிய யாழ்ப்பாணத்து, வன்னி மனிதர்களுக்கு அந்தச் சத்தம் வேடிக்கையல்ல. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா அந்த நாட்களில் மாடி வீட்டை விட்டு மகள் வீட்டு நிலவறைக்குப் போய்விடுவார். சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் சொல்வதும் இதுதான். பாதுகாப்பான நாட்டில்தான் இருக்கிறோம் என்பது தெரியாமலில்லை. மேலே சொன்னேனே, அறிவு போய்ச் சேர முன்பே உடம்பு குனிந்துவிடுகிறது.

உங்கள் பகுதிக்கு மேல் இப்படியொரு பயிற்சிப் பாதை வரப்போகிறது என்றால், சராசரி டெசிபெல் படத்தைக் காட்டும்போது அதோடு திருப்தியடையாதீர்கள். ஒரு தனிப் பறப்பின் உச்சம் எவ்வளவு, நொடிக்கு எத்தனை டெசிபெல் ஏறுகிறது, வீட்டுக்கு மேல் மாதத்துக்கு எத்தனை தடவை என்று தனித்தனியாகக் கேளுங்கள். கணினி மாதிரியில் போட்ட எண்ணா, ஊரில் கருவி வைத்து அளந்ததா என்றும் கேளுங்கள். உயரம்தான் முதல் பேரம், ஜேர்மனி காட்டியது அதைத்தான். அடுத்தது முன்னறிவிப்பு. பிரித்தானியா 30 மீற்றர் வரை இறங்க அனுமதிக்கும் வேல்ஸ், ஸ்கொட்லாந்துப் பகுதிகளுக்கு நேர அட்டவணை வெளியிடுகிறது. குதிரை ஏறுபவரும் ஆடு குட்டி ஈனக் காத்திருப்பவரும் அதைப் பார்த்து நாளைத் திட்டமிடலாம். அப்புறம் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கால்நடைப் பட்டி இவற்றுக்குத் தவிர்ப்பு வட்டமும், இரவுத் தடையும் எழுத்தில் வேண்டும். முறைப்பாடு செய்யும்போது திகதி, நேரம், வந்த திசை, எத்தனை விமானம், என்ன வகை என்று குறித்துக் கொடுங்கள். "அடிக்கடி வருகிறது" என்ற கடிதத்தை ஒதுக்கிவிடுவார்கள். நேரத்தோடு உள்ள பதிவைத் தங்கள் பறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டியிருக்கும். பொது விசாரணை நடந்தால், அந்த நிலத்தை ஆண்டில் சில மாதங்கள் மட்டும் பயன்படுத்துபவர்களையும் கட்டாயம் அழைத்துப்போங்கள். வரைபடத்தில் வீடு இல்லாத இடத்தை ஆளில்லாத இடம் என்று எழுதிவிடுவார்கள், லாப்ரடோரில் எழுதியது போலவே.